எங்கட பெடியளுக்குப் பந்து வாறதில்லை

கேள்வி: அன்பின் அக்கா, நான் மெல்பேணின் தென்கிழக்கில், டண்டினோங் பக்கம் இருக்கிறேன். 2012இல் வள்ளத்தில் வந்தனான். மகனுக்குப் பதினைந்து வயது. இங்குள்ள உதைபந்தாட்டக் கழகத்தின் 16 வயதுக்குட்பட்ட அணியில் விளையாடுகிறான். நான்தான் அந்த அணிக்கு மனேஜர். தமிழ்ப் பெடியள் ஐந்து பேர், ஆப்கானிஸ்தான் பக்கத்து ஹசாரா இனப் பெடியள் ஆறு பேர், தென்சூடான் மூன்று பேர், ரோஹிங்யா இரண்டு பேர். கோச் பொஸ்னியாவிலிருந்து வந்த வயதான மனிசன், நல்லவர். "அவங்கள் தங்கட பாசையில கதைச்சு தங்களுக்குள்ளயே பந்தைக் குடுக்கிறாங்கள், எங்கட பெடியளுக்குப் பந்து வாறதில்லை" என்று எங்கள் பெற்றோருக்குக் கோபம். தமிழருக்கென்று தனிக் கழகம் தொடங்குவோம், நீங்களே தலைமை தாங்குங்கள் என்கிறார்கள். மூன்று கிழமைக்கு முன் எதிரணிப் பெடியன் ஒருவன் எங்கள் சூடான் பெடியனைப் பார்த்துக் குரங்கு மாதிரிச் சத்தம் போட்டான். இவன் பிடித்துத் தள்ளினான். சிவப்பு அட்டை இவனுக்குத்தான் கிடைத்தது. நிர்வாகம் "பெரிதாக்க வேண்டாம்" என்றது. அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கே வருவதில்லை. இரண்டு குடும்பம் இன்னும் சந்தா கட்டவில்லை. இதற்கிடையில் பெரியவர்களின் அணிக்கு ஊரில் விளையாடிய ஒரு தம்பி வந்திருக்கிறார், முடிவு வரும்வரை இருக்கத் தரும் பிரிட்ஜிங் விசா. பதிவுப் படிவத்தில் "முன்பு வேறு நாட்டில் பதிவு செய்து விளையாடியிருக்கிறீர்களா" என்ற கேள்வியைக் கண்டதும் பேனையை வைத்துவிட்டார். எனக்கு எதை முதலில் பார்ப்பதென்றே தெரியவில்லை.

பதில்:

அன்பின் தம்பி,

முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சூடான் பெடியனை. கழகம் பிரிவதா சேர்வதா என்பது ஒரு மாதம் பொறுக்கும். மூன்று கிழமையாக ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறான். நான்காவது கிழமை தாண்டினால் அவன் திரும்பி வருவது கடினம் என்பது புதிதாக வந்த பிள்ளைகளோடு இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து நான் கண்டது.

அவன் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசியில் வேண்டாம், குறுஞ்செய்தியும் வேண்டாம். கோச்சையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொஸ்னியாக்காரருக்கு ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் வந்து கதிரையில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்தாலே அந்தத் தாய்க்கு விளங்கும். தாயோடு முக்கியமான விசயம் பேச வேண்டுமென்றால் அவனையோ அவன் தங்கச்சியையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போட்டார்கள் என்பதைத் தன் வாயாலேயே அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவைக்கு அழைத்தால் டிங்கா, நுவேர், அரபு எல்லாவற்றுக்கும் ஆள் கேட்கலாம். எது அவர்கள் வீட்டு மொழி என்று முதலில் கேளுங்கள். சூடான் என்றதும் எல்லாருக்கும் அரபுதான் என்று நினைப்பது, சிறீலங்கா என்றதும் எங்களுக்குச் சிங்களத்தில் கடிதம் அனுப்புகிற மாதிரி.

அவனிடம் நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். நீங்கள் மைதானக் கரையில் நின்றவர்; உங்களுக்குத் தெரியும். "எனக்குக் கேட்டது. அண்டைக்கே நான் எழுதிக் குடுத்திருக்க வேணும், குடுக்கேல்லை, என்னில பிழை" என்று மட்டும் சொல்லுங்கள். பெரிய ஆள் ஒருவர் சின்ன ஆளிடம் பிழையை ஒத்துக்கொள்வது எங்கள் வீடுகளில் அபூர்வம், அவர்கள் வீடுகளிலும் அப்படித்தான். ஆனால் வேலை செய்யும். பிறகு அவனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முறைப்பாடு செய்ய வேண்டும் என்பானா, ஒன்றும் வேண்டாம் என்பானா, அது அவன் விருப்பம்.

ஒரு எச்சரிக்கை. ஆவர் மாபிலின் கதையை எடுத்துவிடாதீர்கள். கென்யாவின் காக்குமா அகதி முகாமில் 1995இல் பிறந்து, 2006இல் அடிலெய்ட் வந்து, 2022 ஜூனில் பெருவுக்கு எதிரான பெனல்டிப் போட்டியில் ஆறாவது உதையைப் போட்டு அவுஸ்திரேலியாவை உலகக் கிண்ணத்துக்குக் கொண்டுபோன மனிதர். அந்த இரவில் நானும் அழுதேன். ஆனால் தென்சூடான் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை எல்லா ஆசிரியரும் எல்லா கோச்சும் சொல்லியாகிவிட்டது. காயப்பட்டிருக்கிற நேரத்தில் அதைக் கேட்டால், "நீயும் அவ்வளவு பெரிய ஆளானால்தான் உன்னை மதிப்பார்கள்" என்றுதான் அவர்களுக்குக் கேட்கும்.

இனி முறைப்பாடு. மூன்று கிழமை போய்விட்டது என்பதற்காக விடவேண்டாம். எத்தனையாவது நிமிடம், மைதானத்தின் எந்தப் பக்கம், என்ன சத்தம், எத்தனை தடவை, பக்கத்தில் நின்றது யார் என்று ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். எங்கள் பக்கப் பெற்றோர் இரண்டு பேரையும், முடிந்தால் எதிர்ப்பக்கத்தில் நின்ற யாராவது ஒருவரையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே வசனத்தை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். கழகத்தின் உறுப்பினர் பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேட்டு அவர் மூலம் மாநில உதைபந்தாட்ட அமைப்புக்கு அனுப்புங்கள். நிர்வாகம் அனுப்ப மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல நிர்வாகங்கள் மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலும் போக வேண்டி வந்தால் விக்டோரியாவின் சம வாய்ப்பு, மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. விளையாட்டுக் கழகங்கள் பற்றிய முறைப்பாட்டையும் அவர்கள் எடுப்பார்கள்.

தள்ளியது தள்ளியதுதான். அதற்கான தடையை அவன் ஏற்கத்தான் வேண்டும். அதை மறைத்து எழுதினால் மற்றதும் பொய்யாகிவிடும். இரண்டும் நடந்தது என்று எழுதுங்கள்.

அடுத்த தடவைக்கு உங்கள் அணித்தலைவனைப் பழக்குங்கள். அப்படி ஒரு சத்தம் கேட்டால் பாதிக்கப்பட்டவன் ஓட வேண்டியதில்லை, தலைவன் ஓட வேண்டும், நடுவரிடம். 2024 மே மாதம் பாங்கொக்கில் நடந்த ஃபிஃபா மாநாட்டில், இரண்டு கைகளையும் மணிக்கட்டில் குறுக்கே வைத்துக் காட்டும் சைகையை இனவாதத்துக்கு எதிரான அடையாளமாக அறிவித்தார்கள். உங்கள் போட்டிக்கு வரும் நடுவரே பதினாறு வயதுப் பெடியனாக இருக்கலாம், அவருக்கும் கை நடுங்கும். அதனால் சைகை மட்டும் போதாது. "இந்த இலக்கக்காரன் இப்படிச் சொன்னான், குறித்துக்கொள்ளுங்கள்" என்று தலைவன் அமைதியாகச் சொல்லப் பழக வேண்டும். பயிற்சியில் நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சரி, பந்து வராத கதைக்கு வருவோம்.

உங்கள் பெற்றோர் பொய் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் சரியா என்று பார்க்க வேண்டும். அடுத்த போட்டியில் ஒரு கொப்பித் தாளை எடுங்கள். இருபது நிமிடத்துக்கு, உங்கள் நடுக்கள ஆட்டக்காரன் பந்தை யாருக்குக் கொடுக்கிறான், கொடுக்கும்முன் யார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று இரண்டையும் குறியுங்கள். வேறொரு அணியில் நான் இதைச் செய்தபோது, பெயர் சொல்லிக் கூப்பிட்டவனுக்குத்தான் பந்து போனது. எங்கள் பெடியள் "ஏய்", "குடு", "இஞ்ச" என்று கத்தினார்கள். யாரை "ஏய்" என்கிறான் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அரை சீசன் போன பிறகும் ஆறு ஹசாராப் பெடியளில் இரண்டு பேரின் பெயர்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்கும் அப்படித்தான், எங்கள் நீளப் பெயர்களைக் கண்டு பயந்து ஒருவரையும் கூப்பிடவில்லை.

மைதானத்தில் தாய்மொழி பேசக்கூடாது என்று தடைபோடும் கோச்சுகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. களைத்து விழுகிற நேரத்தில் வாயில் வருவது வீட்டு மொழிதான். அதைத் தடுத்தால் பேசாமலே விளையாடுவார்கள், அது அதைவிட மோசம். பத்துச் சொல்லை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக்குங்கள். பின்னால் ஆள் வருகிறான், நேரம் இருக்கிறது, மற்றப் பக்கம் மாற்று, விடு, என்னுடையது. அவை எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன? நான் சொன்ன அந்த அணியில் எங்கள் பெடியன் ஒருவன் "பின்னால! பின்னால!" என்று கத்துவான். கோல்காப்பாளர் தென்சூடான்காரன். அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துப்போய் அவனும் "பின்னாலா" என்று கத்தத் தொடங்கினான். சீசன் முடிய முழு அணிக்கும் அதுதான் சொல். எதிரணிக்கு ஒன்றும் விளங்காதது கூடுதல் லாபம்.

இதைவிடப் பலன் தருவது கார். இப்போது யார் யாரை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்க் காரில், ஹசாராப் பிள்ளைகள் ஹசாராக் காரில் வந்தால், மைதானத்தில் இறங்கும்போதே இரண்டு அணியாகத்தான் இறங்குகிறார்கள். காரை ஓட்டும் பெற்றோருக்கு ஒரு பட்டியல் போடுங்கள், ஒவ்வொரு காரிலும் குறைந்தது இரண்டு மொழி என்று. வெளியூர்ப் போட்டிக்கு நாற்பது நிமிடம் பின்சீட்டில் நெருங்கி இருந்தால் பாட்டுக்குச் சண்டை பிடிப்பார்கள், சிப்ஸ் பங்கு போடுவார்கள், பெயர் தானாக வரும். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சிறுவர்களோடு பணிபுரிவதற்கான அனுமதி அட்டையை எடுத்துவிடுவது நல்லது. விக்டோரியாவில் தொண்டர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. மற்ற வீட்டுப் பிள்ளை ஒன்றை மட்டும் தனியே ஏற்றாதீர்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

காரென்றதும் எனக்கு ஞாபகம் வருவது புஸ்காஸ். 1989 முதல் 1992 வரை, உலகமே கொண்டாடிய ஹங்கேரி ஆட்டக்காரர் ஃபெரென்ஸ் புஸ்காஸ் இதே மெல்பேணில் சவுத் மெல்பேண் ஹெலாஸ் கழகத்துக்குக் கோச்சாக இருந்தார். ஹங்கேரியில் 1956இல் நடந்த எழுச்சிக்குப் பிறகு பல வருடம் ஊர் திரும்பாத மனிதர். ஆங்கிலம் பெரிதாக வராது, ஆனால் ஏதென்ஸின் பனாதினைக்கோஸ் கழகத்தைப் பயிற்றுவித்ததால் கிரேக்கம் வரும். அவரைக் காரில் ஏற்றி இறக்கி, அவர் கிரேக்கத்தில் சொன்னதை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னவர் அணித்தலைவர் ஆஞ்ச் பொஸ்டகொக்லு. அவரும் ஐந்து வயதில் ஏதென்ஸிலிருந்து குடும்பத்தோடு வந்த பிள்ளை. பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவுக்கு ஆசியக் கிண்ணம் வென்று கொடுத்து, இங்கிலாந்தின் ரொட்டன்ஹாம் கழகத்துக்குக் கோச்சாகும் வரை போனார். பயிற்றுவிப்பது பற்றி அந்தக் காரில் நிறையக் கற்றேன் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

ஹெலாஸ் கிரேக்கர்களின் கழகம் அல்லவா, அப்படியென்றால் தமிழருக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் உதைபந்தாட்டத்தை வளர்த்ததே அந்தக் கழகங்கள்தான். கிரேக்கருக்கு ஹெலாஸ், குரோவாசியருக்கு மெல்பேண் குரோவாசியா, சிட்னியில் இத்தாலியருக்கு மார்கோனி. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்கள் மொழியில் சிரிக்க ஓர் இடம் வேண்டும் என்று கட்டினார்கள். 1991 தேசிய லீக் இறுதிப்போட்டியே ஹெலாஸும் மெல்பேண் குரோவாசியாவும் மோதியதுதான். பெனல்டியில் ஹெலாஸ் வென்றது. பிறகு தேசிய உதைபந்தாட்ட அமைப்பினர் அந்தப் பெயர்களை எல்லாம் மாற்றச் சொல்லி நெருக்கினார்கள். 2014இல் இனப் பெயர், நாட்டுப் பெயர் எதுவும் புதுக் கழகங்களுக்குக் கூடாது என்றே விதி போட்டார்கள். 2019இல் அதை எடுத்துவிட்டு, எல்லாரையும் சேர்க்கும் கழகமாக இருந்தால் பண்பாட்டு அடையாளம் இருக்கலாம் என்றார்கள். ஆகவே தமிழ்க் கழகம் ஒன்றை ஒழுங்காகத் தொடங்குவதற்கு இப்போது வழி இருக்கிறது.

எங்களுக்கு அது இரத்தத்திலேயே ஊறினது. பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று ஊருக்கு ஊர் கழகத்தோடு வளர்ந்த சனம். கழகம் என்றால் ஊர் என்றுதான் எங்களுக்கு விளங்கும்.

ஆனால் கிரேக்கர்கள் ஆசையில் தொடங்கினார்கள், உங்கள் பெற்றோர் கோபத்தில் தொடங்கப் பார்க்கிறார்கள். அதுவும் சீசன் நடுவில், ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு. ஐந்து பேரில் ஓர் அணி வராது. மிச்சத்துக்கு வேறு வயதுப் பிள்ளைகளைச் சேர்ப்பீர்கள், மைதானம் கிடைக்காது, இரண்டு வருடத்தில் ஊர்ச்சங்கச் சண்டை ஒன்று உள்ளே வரும், பிள்ளைகள் கூடைப்பந்துக்குப் போய்விடுவார்கள். நான் மிகைப்படுத்தவில்லை, உங்களுக்கே தெரியும்.

உங்கள் மகனிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரியும் இல்லை.

பிள்ளைகளை நாட்டின்படி பிரித்து நானும் ஒருமுறை கெட்ட பெயர் வாங்கினேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். புதிதாக வந்த பிள்ளைகளுக்காக "குட்டி உலகக் கிண்ணம்" என்று ஒருநாள் சுற்றுப்போட்டி. ஒவ்வொரு அணிக்கும் ஒரு நாட்டின் கொடியும் சட்டையும் போடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள், அழகாக இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். காலை எட்டு மணிக்குச் சட்டை கொடுக்கும்போதுதான் புத்தி வந்தது. குவெற்றாவில் பிறந்த ஹசாராப் பெடியன் "மிஸ், நான் ஆப்கானிஸ்தானா பாகிஸ்தானா?" என்று உண்மையாகவே கேட்டான். பர்மா இராணுவத்துக்குத் தப்பி வந்த கரென் இனப் பிள்ளை ஒன்று பர்மா சட்டையைக் கண்டதும் காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டது. எங்கள் பிள்ளை ஒருவன், வந்து ஆறு மாதம்கூட இல்லை, சிங்கக்கொடி போட்ட சட்டையைக் கையில் வாங்கி நாலாக மடித்து வாங்கில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் பேசவில்லை. தமிழச்சியான எனக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. கடைசியில் பயிற்சிக்குப் போடும் மஞ்சள், பச்சை மேலங்கிகளைக் கொடுத்து, பிறந்த மாதத்தின்படி அணி பிரித்தோம்.

எனவே என் யோசனை இதுதான். இந்த சீசனை இந்தக் கழகத்தில் முடியுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து விளையாட வேண்டும் என்ற ஆசைக்கு, பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் சுற்றுப்போட்டிகள் இருக்கின்றன. அதற்கு ஓர் அணி போடுங்கள். மகன் சனிக்கிழமை ஹசாராப் பெடியனோடும் நீள்வாரயிறுதியில் சித்தப்பா பிள்ளைகளோடும் விளையாடலாம். கழகத்துக்கு வெளியே நடக்கும் போட்டிகளுக்குக் கழகத்தின் காப்புறுதி வருமா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு உங்கள் பெற்றோர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது நிர்வாக சபையில் எத்தனை தமிழர்? எத்தனை ஹசாரா? ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன். எங்கள் சனம் மைதானக் கரையில் நின்று கோச்சுக்கு மேல் கோச்சாகக் கத்தும், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் பிள்ளைக்கு ரியூசன் என்னும். கழகம் பதிவு செய்யப்பட்ட சங்கம் என்றால் அதற்கு எழுதிய விதிகள் இருக்கும். உறுப்பினருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு. அதை வாங்கிப் படியுங்கள். யார் வாக்குப் போடலாம், எத்தனை நாளுக்கு முன் பெயர் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். பொருளாளர் பதவிக்குப் பொதுவாக ஒருவரும் போட்டிக்கு வரமாட்டார்கள். எங்கள் ஆட்களில் கணக்காளருக்குப் பஞ்சமா? ஒரு ஹசாரா அப்பாவும் ஒரு தமிழ் அம்மாவும் அந்த மேசையில் இருந்திருந்தால், "பெரிதாக்க வேண்டாம்" என்ற பதில் அன்றைக்கு அவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

சந்தாவைப் பற்றி: கட்டாத இரண்டு குடும்பத்தின் பெயரையும் குழுச் செய்தியில் போடாதீர்கள், போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் விளையாட்டுச் சந்தாவுக்கு 200 டொலர் வரை கொடுக்கும் மாநில அரசு வவுச்சர் ஒன்று சுற்றுச் சுற்றாகத் திறக்கும். இப்போது திறந்திருக்கிறதா என்று பார்த்து, நீங்களே பக்கத்தில் இருந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். சலுகை அட்டை இல்லாத விசாக்காரருக்குச் சிறப்புப் பரிசீலனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். மிச்சத்தைக் கிழமைக்குப் பத்து டொலராக வாங்கலாம். சந்தாவைத் தள்ளிவிட்டு அதற்குப் பதில் கோடு போடு, வலை கட்டு என்று அந்தத் தகப்பனிடம் மட்டும் வேலை வாங்காதீர்கள். கோடு போடுவது எல்லாருக்கும் முறை வைத்து வரட்டும், உங்களுக்கும்.

கடைசியாக, பேனையை வைத்துவிட்ட அந்தத் தம்பி. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வேறு நாட்டில் பதிவாகி விளையாடியவர் என்றால், வழக்கமாக அந்த நாட்டு உதைபந்தாட்டச் சங்கத்திடம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் போகும். பாதுகாப்புக் கேட்டு நிற்கிற ஒருவருடைய பெயரும் இப்போது இருக்கிற இடமும் அப்படி ஊருக்குப் போவது சின்ன விசயம் இல்லை. பஹ்ரைனிலிருந்து தப்பி வந்து, மெல்பேணின் பாஸ்கோ வேல் கழகத்தில் விளையாடிய ஹக்கீம் அல் அரைபியைப் பாருங்கள். அவருடையது படிவச் சிக்கல் இல்லை, பஹ்ரைன் கேட்டதால் பாங்கொக்கில் பிடித்து வைத்தது. அவுஸ்திரேலியா அகதியென்று ஏற்ற பிறகும், 2018 நவம்பரில் தேனிலவுக்குப் போனவர் 2019 பெப்ரவரி வரை அங்கே சிறையில் இருந்தார். பழைய நாட்டின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று அதிலேயே தெரியும்.

அதற்காக "இல்லை" என்று பொய் எழுதவும் விடாதீர்கள். பிறகு பிடிபட்டால் கழகத்துக்கும் தண்டம், அவருடைய விசாக் கோப்பிலும் ஒரு பொய் என்று யாராவது தூக்கிப் பிடிக்கலாம். படிவத்தை அப்படியே வையுங்கள், அனுப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள். மாநில அமைப்பின் பதிவுப் பிரிவுக்குப் பெயர் குறிப்பிடாமல் எழுதுங்கள்: பாதுகாப்பு விசாக் கேட்டிருக்கும் ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருடைய பழைய நாட்டுச் சங்கத்தோடு தொடர்பு கொள்ளாமல் பதிவு செய்வதற்கு வழி என்ன என்று. பதிலை எழுத்தில் வாங்கி அவருடைய குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வழக்கறிஞர் சரி என்ற பிறகுதான் மிச்சம். அதுவரை அவர் பயிற்சிக்கு வரலாமா, காப்புறுதி என்ன சொல்கிறது என்று செயலாளரிடம் கேளுங்கள். வரலாம் என்றால் வரட்டும். கோல் கம்பத்துக்குப் பின்னால் தனியே நிற்க விடாமல், கார்ப் பட்டியலில் அவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா